வலது காதில் பிரதமர்

இன்னும் அவர் பேச ஆரம்பிக்கவில்லை. தில்லியில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், அது சென்னையில் என் வலது காதுக்குள் கிறீச்சிடுகிறது. தாள் புரள்கிறது. ஒரு செருமல். பிரதமருடையதா, மைக்கைச் சரிசெய்கிறவனுடையதா தெரியவில்லை. இடது காதில் டைட்டஸ். "அரசி மேடம், ரெடியா? இதோ வந்துருவார். தண்ணி குடிச்சிக்கங்க." குடித்துவிட்டேன். குடித்தும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் டைட்டஸ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார், நானும் காட்டுகிறேன். எங்கள் சானலின் செய்தித் தயாரிப்பாளர், நல்ல மனிதர், பதற்றம் வந்தால் மட்டும் என்னை மேடம் என்பார், மற்ற நாளில் வெறும் அரசி. மங்கையர்க்கரசி என்ற முழுப்பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. என் வேலை சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், இந்தியில் வருவதைத் தமிழில் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே. அவர் பேசி முடித்த பிறகு சொல்வதில்லை. அவர் பேசப் பேச, அவருக்கு அரை வாக்கியம் பின்னால், ஓடுகிற பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவது மாதிரி, ஏறவும் முடியாது, கையை விடவும் முடியாது. வழக்கமாகப் பாதியில் கை மாற்றிக்கொள்ள இன்னொருவர் இருப்பார், இன்றைக்கு அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். முழுப் பேச்சும் நான்தான். செல்போனை உள்ளே கொண்டுவரக் கூடாது, மைக்கில் இரையும், டைட்டஸின் மேசையில் அவருடைய டீ கிளாசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். திரை மேலே தெரியும்படி வைத்தேன். ஏன் அப்படி வைத்தேன், கவிழ்த்து வைத்திருக்கலாம். இங்கிருந்து பார்த்தால் எழுத்து தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். தெரியாமல் இருப்பதே மேல். குணா எங்கே இருக்கிறான். அந்த நினைப்பு வரக் கூடாது, வந்தால் வாக்கியம் தவறும், இன்றைக்கு ஒரு வாக்கியமும் தவறக் கூடாது. என் தம்பி குணாளன் ராணுவத்தில் ஹவில்தார், எல்லையில் எங்கேயோ இருக்கிறான், எங்கே என்று அவன் பெண்டாட்டி மேனகாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.

என் அன்புக்குரிய நாட்டு மக்களே. சொல்லிவிட்டேன். குரல் நன்றாகத்தான் வந்திருக்கிறது, டைட்டஸ் தலையாட்டுகிறார். நாம் போரை ஒருபோதும். ஒருபோதும் என்று ஆரம்பித்தால் இல்லை என்றுதான் முடிப்பார், இதில் பயமில்லை. நாம் போரை ஒருபோதும் விரும்பியதில்லை. மற்ற வாக்கியங்களில்தான் ஆபத்து. இந்தியும் தமிழ் மாதிரியே வினையைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிற மொழி. நமது வீரர்கள் எல்லையை, என்று சொல்லிவிட்டு அவர் மூச்சு வாங்குவார். தாண்டினார்களா, தாண்டவில்லையா, தாண்டுவார்களா, அந்த ஒரு மூச்சுக்குள் நான் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். இந்தப் போர் நம்மீது திணிக்கப்பட்டது. நேற்றுக் காலை எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தலைவர் பேசியதையும் இதே நாற்காலியில் உட்கார்ந்து நான்தான் தமிழில் சொன்னேன். அவர்களுடைய மொழியும் இந்தியும் கூடப்பிறந்தவை, கேட்டால் எனக்குப் புரியும். படைகள் கிளம்புவதற்கு முன்பே அவரும் இதைத்தான் சொன்னார், இதே சொல். நேற்று நான் சுமத்தப்பட்டது என்றேன், இன்றைக்குத் திணிக்கப்பட்டது என்கிறேன். ஏன் மாற்றினேன். திணித்தது என்றால் கேட்கிறவனுக்குக் கோபம் வரும், சுமத்தியது என்றால் அவ்வளவு வராது. அவருக்கு ஒரு சொல், நம்மவருக்கு ஒரு சொல்லா. யோசித்துச் செய்யவில்லை, நாக்கு தானாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டது, நாக்குக்கும் ஒரு நாடு உண்டு போலிருக்கிறது. இரண்டு பேர் மீதும் திணிக்கப்பட்டது என்றால் திணித்தது யார். எழுபது ஆண்டுகளாக நாம் அமைதியின் பாதையில். இந்தி எனக்கு அப்பாவால் வந்தது. அப்பா ராணுவத்தில் லாரி டிரைவர், ஜபல்பூர், அம்பாலா, பிறகு எல்லையோரத்தில் ஓர் ஊர், அங்கே குடியிருப்பின் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தூரத்து வயலில் டிராக்டர் ஓடுவது தெரியும், அது அவர்களுடைய வயல் என்பார்கள். நான் வெகுநேரம் பார்ப்பேன். அது வேறு நாடு என்று தெரிவதற்கு அந்த டிராக்டரில் ஒன்றுமே இருக்காது, நம்முடையதைப் போலவே புகை விடும். அமைதியின் பாதையில் நடந்து வந்திருக்கிறோம். அப்பா ஒரு போரைப் பார்த்தவர். போகும்போது குண்டு ஏத்திக்கிட்டுப் போவோம், வரும்போது ஆள ஏத்திக்கிட்டு வருவோம், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த அப்பா, ஆரணி வீட்டில், ரயில் நிலையத்தில் குண்டு வெடித்ததை டிவியில் பார்த்துவிட்டு ரிமோட்டைச் சுவரில் எறிந்தாராம். அடிக்கணும், திரும்ப எந்திரிக்க முடியாதபடி அடிக்கணும் என்று கத்தினாராம். மேனகாதான் போனில் சொன்னாள். மகன் அங்கே நிற்கிறான் என்பது தெரியாமலா கத்தினார். தெரிந்துதான். தெரிந்தும்.

அந்த நிலையத்தின் பெயரைச் சொல்கிறார் இப்போது. குரல் இறங்குகிறது, எழுதிக் கொடுத்த இறக்கமா, தானாக வந்ததா, நானும் இறக்குகிறேன். விடுமுறைக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்த அப்பாவி மக்கள். அனுப்பியது அந்த அரசாங்கம்தான், ஆதாரம் இருக்கிறது என்கிறார் இவர். எங்களுக்குச் சம்பந்தமே இல்லை, காட்டுங்கள் ஆதாரத்தை என்றார் நேற்று அவர். இரண்டையும் ஒரே குரலில் நான் சொல்லியிருக்கிறேன். இரண்டையும் சொல்லும்போது உண்மை மாதிரித்தான் இருந்தது. செத்தவர்களில் நம் ஊர்க்காரர் ஒருவர், கரூரிலிருந்து போர்வை வியாபாரத்துக்கு வடக்கே போனவர். அவருடைய மனைவி கஸ்தூரியைப் பேட்டிக்காக இங்கே அழைத்து வந்தார்கள். மேக்கப் அறையில் நான் தலை வாரிக்கொண்டிருந்தேன், பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேக்கப் போடுகிற பையன் தயங்கித் தயங்கி, லேசாப் பவுடர் மட்டும் போடட்டுமாம்மா, லைட்டுல முகம் மினுங்கும் என்றான். மினுங்கட்டும் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி என் மணிக்கட்டைப் பிடித்தாள். முன்பின் தெரியாத பெண். "மேடம், நீங்க டிவியில இருக்கறவங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சும்மா விட்ருவாங்களா?" விட மாட்டாங்கம்மா என்றேன், வேறு என்ன சொல்வது. "எனக்கு அந்த நாட்டுல யாரும் சாகணும்னு ஆசையில்ல மேடம். சத்தியமா இல்ல. ஆனா ஒருத்தரும் ஒண்ணும் பண்ணலைன்னா, அவர் செத்ததே ஒண்ணுமில்லைன்னு ஆயிடுமே. ஒரு பையத் தொலைச்ச மாதிரி, போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வந்துட்ட மாதிரி." அவள் பிடி இறுகிக்கொண்டே போனது, வளையல் அழுந்தி வலித்தது, நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கண்ணீரைத் துடைப்பது ஓர் அரசின் கடமை. கடமை என்பது சரிதான், கர்த்தவ்யம் என்றார். போர் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கையிடம் சொல்லட்டும் பார்க்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நினைத்தேன். கோடம்பாக்கம் பாலத்தில் வண்டி நின்றபோது, ஆமாம், நியாயம்தான், ஒரு அடியாவது அடித்தால்தான் நியாயம் என்று சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது, ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். அப்போது குணா விடுமுறை கேட்டிருந்தான். வரப்போகிறான் என்றிருந்தேன். அப்போது நியாயம் என்பதற்கு வேறு எடை.

எல்லா வழிகளையும் முயன்று பார்த்தோம். முயன்றார்களா. பார்த்தோம் என்கிறார், நான் பார்த்தோம் என்கிறேன், பன்மையில் நானும் இருக்கிறேன். தூதர்களை அனுப்பினோம், நட்பு நாடுகள் மூலம் பேசினோம், காத்திருந்தோம். எத்தனை நாள் காத்திருந்தால் காத்திருந்ததாகக் கணக்கு. இன்னும் ஒரு வாரம் காத்திருந்தால் இன்னொரு ரயில் நிலையத்தில் வெடித்திருக்குமோ என்னமோ, அது யாருக்குத் தெரியும், வெடித்திருந்தால் ஏன் காத்திருந்தாய் என்று இவரைத்தான் கேட்டிருப்போம், நானே கேட்டிருப்பேன். வெடிக்காமலே போயிருந்தால். நடக்காமல் போனதை யார் எடை போடுவது. வேறு வழியின்றி. மஜ்பூர் என்றார். மஜ்பூர் என்பதற்குத் தமிழில் எத்தனை இருக்கிறது, கட்டாயத்தால், நிர்ப்பந்தத்தால், கைகட்டப்பட்ட நிலையில், வேறு வழியின்றி. வேறு வழியின்றி என்பது எனக்குச் சுலபமாக வருகிறது, ஒரு நாளைக்கு நாலு முறை சொல்கிறேன், சமையல்காரி வராததால் வேறு வழியின்றி ஓட்டலில் சாப்பிட்டேன். குணா கடைசியாகப் பேசியபோது பின்னால் ஒரே இரைச்சல், மேட்டில் வண்டி ஏறுகிற மாதிரி. "அக்கா, இங்க பூராக் கரும்புக்கா. நம்ம ஊர்க் கரும்பு இல்ல, ஆளுயரத்துக்கு மேல. வெட்டுறதுக்கு நாள் குறிச்சிட்டு இருந்தவங்களக் கிளம்புங்கன்னு சொல்லிட்டோம்." எங்கடா இருக்க என்றேன். "அதெல்லாம் சொல்லக் கூடாதுக்கா. கரும்புல இருக்கேன்னு வெச்சுக்க." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒரு பெரியவர் டிராக்டர்ல சட்டி பானை எல்லாம் ஏத்திக்கிட்டு வந்து என்கிட்ட நின்னு கேக்குறார்க்கா, எங்களைக் காப்பாத்த வந்தீங்களா, கிளப்ப வந்தீங்களான்னு. நான் சல்யூட் அடிச்சேன். வேற என்ன பண்றது சொல்லு." நீ ஒண்ணும் பண்ணாத, தலையை உள்ள வெச்சுக்கிட்டு இரு என்றேன். "சரிக்கா, தலைய ஆரணிக்கு அனுப்பி வெச்சிடறேன்" என்றான். அதுதான் கடைசி. அதற்குப் பிறகு போன் போகவில்லை, அணைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் சொல்கிறாள், அவளும் என்னைப் போல ஒருத்தி, யாரோ எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறவள். இன்று அதிகாலை நமது படைகள் எல்லையை. மூச்சு. டைட்டஸ் திரையைப் பார்க்கிறார், நான் டைட்டஸைப் பார்க்கிறேன், தாண்டின என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அவர் சொல்லும்வரை தாண்டவில்லை. எல்லையைக் கடந்து சென்றுள்ளன. கடந்து. தாண்டி என்றிருக்கலாம். தாண்டுவது குழந்தைகள் கோடு தாண்டுகிற மாதிரி, கடப்பது பெரியவர்கள் செய்வது.

டைட்டஸின் மேசையில் வெளிச்சம். டீ கிளாசின் அடியில் நீலமாகத் தெரிகிறது, கிளாஸ் முழுதும் நீலமாகிறது. என் போன்தான். டைட்டஸ் அதைப் பார்க்கவில்லை, அவர் கண் திரையில் இருக்கிறது. நமது இலக்கு அந்த நாட்டு மக்கள் அல்ல. நீலம் அணைந்துவிட்டது. பேங்கிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும், இந்த நேரத்தில்தான் கூப்பிடுவார்கள். நமது இலக்கு தீமையின் கூடாரங்கள் மட்டுமே. கூடாரம் சரியா, அட்டா என்றார், இருப்பிடம், பதுங்குமிடம், போகட்டும், கூடாரம் போய்விட்டது, திரும்பப் பிடிக்க முடியாது. கூடாரங்களுக்கு நடுவே வயல் இருக்குமே, டிராக்டர் இருக்குமே. மறுபடி நீலம். கடன் கொடுக்கிறவர்கள் இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள். மேனகாவாக இருந்தால். மேனகா நான் லைவில் இருக்கும்போது கூப்பிட மாட்டாள், அவளுக்குத் தெரியும், டிவியில் என் குரல் கேட்டுக்கொண்டிருக்குமே. கேட்டுக்கொண்டிருக்கும்போதே கூப்பிடுகிறாள் என்றால். இல்லை. அப்பாவாக இருக்கும், ரிமோட் வேலை செய்யவில்லை என்பார். அரசி, வாக்கியத்தைப் பிடி. இந்த நடவடிக்கையில். இடது காதில் டைட்டஸ், "மேடம், கேப் விழுது, கேப் விழுது." இந்த நடவடிக்கையில் நமது படைகளைச் சேர்ந்த. என்ன சொல்லப்போகிறார். இது எழுதிக் கொடுத்த பிரதியில் இல்லை, மதியம் வந்த பிரதியை இரண்டு முறை படித்தேன், இந்த இடத்தில் பாராட்டு வரும், படைத்தளபதிகளுக்குப் பாராட்டு. தாளைத் திருப்பும் சத்தம் இல்லை, அவர் பார்க்காமல் பேசுகிறார். பதினேழு ஜவான்கள். பதினேழு வீரர்கள். வீர்கதி என்றார். சொல் வந்துவிட்டது, அதற்குத் தமிழ் அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது, இந்த அறையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், வீரமரணம் எய்தினர். எய்தினர். குணா எய்தினான். ஊசி போட்டால் மயக்கம் போட்டு விழுகிறவன், ராணுவத் தேர்வுக்குப் போனபோது ஊசிக்குப் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றவன், பொங்கல் அன்று வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்து முன்பல்லில் பாதியை உடைத்துக்கொண்டவன், அவனை அந்தச் சொல்லுக்குள் உட்காரவைத்துப் பார்க்கிறேன், கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, தோள் இடிக்கிறது, அந்தச் சொல்லில் அவனுக்கு இடம் போதவில்லை. இடைவெளி நீள்கிறது, டைட்டஸ் எழுந்து நிற்கிறார். பதினேழு வீரர்கள் இறந்துவிட்டார்கள்.

சொன்னது நான்தானா. என் குரல்தான், இறந்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்குத் தகவல் சொல்கிற மாதிரி, கொஞ்சம் கரகரத்து. "மேடம்!" என்று இடது காதில். "வீரமரணம், வீரமரணம், திருத்துங்க மேடம், இன்னொரு தடவ சொல்லுங்க." திருத்தலாம், அவர் மூச்சு வாங்கும்போது ஒரு சொல் நுழைத்துவிடலாம், எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். ஆனால் அவர் மூச்சு வாங்கவில்லை, அடுத்ததற்குப் போய்விட்டார், அவர்களுடைய குடும்பங்களுக்குத் தகவல். தெரிவிக்கப்பட்டுவிட்டதா. தெரிவிக்கப்பட்டுவிட்டது என்றால் பதினேழு வீடுகளிலும் இந்நேரம் தெரியும், ஆரணியில் தெரியாதென்றால் ஆரணி அந்தப் பதினேழில் இல்லை. சொல்லுங்களேன். விட்டது என்று சொல்லுங்கள். ஒரு நாட்டுக்குப் போர் செய்ய நியாயம் இருந்ததா இல்லையா என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இந்த ஒரு வினைமுற்றை மட்டும் சரியாகச் சொல்லிவிடுங்கள் ஐயா. தீ ஜா ரஹீ ஹை. தெரிவிக்கப்பட்டு வருகிறது. வருகிறது. வந்துகொண்டே இருக்கிறது. தகவல் வழியில் இருக்கிறது, எந்தத் தெருவில் திரும்பிக்கொண்டிருக்கிறதோ. சொன்னேன், தெரிவிக்கப்பட்டு வருகிறது என்று தெளிவாகவே சொன்னேன், டீ கிளாஸ் மறுபடி நீலமாகி, அணையாமல், நீலமாகவே இருக்கிறது. யாரோ விடாமல் கூப்பிடுகிறார்கள். எழுந்து போய்விடலாம். கதவு மூன்று எட்டில் இருக்கிறது. எழுந்தால் பிரதமர் வாயை அசைத்துக்கொண்டே இருப்பார், தமிழ்நாட்டுக்குக் குரல் வராது, கரூரில் அந்தப் பெண் டிவியைத் தட்டிப் பார்ப்பாள். நான் எழவில்லை. இது தியாகமெல்லாம் இல்லை, தொடை எழவில்லை, அவ்வளவுதான். வரலாறு நம்மைக் கேட்கும்போது. கேட்கட்டும். நாம் தலைகுனிய மாட்டோம். தலையை உள்ளே வைத்துக்கொள் என்றேனே, வைத்துக்கொண்டானா. இந்த மண்ணின் ஒவ்வொரு அங்குலத்தையும். அந்தக் கரும்பும் அங்குலக் கணக்கில்தான் வருமா. ஒவ்வொரு அங்குலத்தையும் காப்போம். நன்றி, வணக்கம். வாழ்க நாடு. விளக்கு அணைந்துவிட்டது.

ஹெட்போனைக் கழற்றியதும் காது இரண்டும் வேர்வையில் குளிர்ந்தன. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன். டைட்டஸ் எழுந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. "என்ன மேடம் பண்ணிட்டீங்க? மேலருந்து ரெண்டு போன் வந்துருச்சு. கீழ ஸ்க்ரோல்ல வீரமரணம்னு ஓடுது, மேல நீங்க இறந்துவிட்டார்கள்ங்கறீங்க. ஏதோ பஸ் விபத்து மாதிரி." நான் அவரைத் தாண்டி மேசைக்குப் போனேன். "எட்டு மணி செய்திக்கு வேற குரல் போட்டுத் திருத்திப் போடச் சொல்லிட்டாங்க. உங்களைக் கொஞ்ச நாளைக்கு லைவ்ல வைக்க வேணாம்கறாங்க. நான் என்ன சொல்லிச் சமாளிக்கிறது, சொல்லுங்க." போனை எடுத்தேன். மேனகா. மேனகா. மேனகா. திரை முழுக்க அவள் பெயர் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றது, வேறு யாரும் இல்லை. டைட்டஸ் என் தோளுக்கு மேலாக அதைப் பார்த்துவிட்டார். அவருக்குக் குணாவைத் தெரியும், போன வருஷம் லீவில் வந்தபோது இங்கேதான் கேண்டீனில் உட்கார்ந்து வடை சாப்பிட்டான். "அரசி," என்றார், மேடம் இல்லை. "உக்காருங்க. நான் வேணா பேசட்டுமா?" வேண்டாம் என்று தலையசைத்தேன். காரிடாருக்கு வந்தேன். ஏசி இல்லாத காரிடார், ஜன்னல் வழியாக ஆற்காடு ரோட்டின் ஹாரன் சத்தம். திருப்பிக் கூப்பிட வேண்டும், விரலை அவள் பெயர் மேல் வைத்தால் போதும், அது முடியவில்லை. கூப்பிடாதவரை ஒன்றும் நடக்கவில்லை. இப்படியே நின்றுவிடலாம், சாயங்காலம் முழுவதும் நிற்கலாம், அவன் கரும்புக்குள் உட்கார்ந்திருப்பான். நான் என்ன பாவம் செய்தேன், கோடம்பாக்கம் பாலத்தில் நியாயம் என்று சொன்னதைக் கணக்கில் வைத்துக்கொள்ளாதே சாமி. கஸ்தூரிக்காகச் சொன்னது அது. கஸ்தூரியின் கை வலித்ததால் சொன்னது. அதற்காக இவனை எடுத்துக்கொள்வது என்ன நியாயம். என் கையில் போன் அதிர்ந்தது. எடுத்துவிட்டேன்.

"அண்ணி." பின்னால் டிவி ஓடுகிற சத்தம். "அண்ணி, இருக்கீங்களா?"

"சொல்லு மேனகா. குணாவுக்கு."

"அவர்கிட்டருந்து ஒண்ணும் வரல. யாரும் வரல, யாரும் போன் பண்ணல. எல்லையைக் கடந்துட்டாங்கன்னு நீங்க சொன்னப்ப பயத்துல கூப்பிட்டேன், இப்ப அதுக்குக் கூப்பிடல." சுவரில் சாய்ந்துகொண்டேன். சுண்ணாம்பு சேலையில் ஒட்டும், ஒட்டட்டும். உயிர் திரும்பி வந்து கால்வரைக்கும் இறங்குகிற நேரத்தில் அவள் பேசிக்கொண்டே போனாள், அவள் குரலில் அழுகை இல்லை, கோபம் இருந்தது, அதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். "ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"செத்துட்டாங்கன்னு."

"இறந்துவிட்டார்கள்னுதான்மா சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். மத்த சானல் எல்லாத்தையும் மாத்தி மாத்தி வெச்சுப் பாத்துட்டேன். எல்லாரும் வீரமரணம்னு சொல்றாங்க, உயிர்த்தியாகம்னு சொல்றாங்க. நீங்க மட்டும்தான் அப்படிச் சொன்னீங்க. அகல்யா பக்கத்துல உக்காந்திருந்தா. அத்தை பேசறாங்க, அத்தை பேசறாங்கன்னு உங்க சானல்தான் வேணும்னு வெச்சவளே அவதான். நாளைக்கு நம்ம வீட்டுக்கு அப்படி ஒரு சேதி வந்தா நான் அவகிட்ட என்னன்னு சொல்லணும்? அப்பா செத்துட்டார்னா? ரோட்டைக் கடக்கறப்ப வண்டில அடிபட்ட மாதிரி? சொல்லுங்க அண்ணி. உங்க தம்பிக்கும் அந்த வார்த்தைதானா?"

தப்பாகச் சொல்லவில்லை மேனகா, அவனை நினைத்ததால்தான் அப்படி வந்தது, அவன் எனக்கு வீரன் இல்லை, தம்பி. இது மனதில்தான் ஓடியது. வாய் வேறு ஏதோ சொன்னது, "தவறிடுச்சும்மா" என்றது. தவறவில்லை. அந்த ஒரு சொல்லைத்தான் இன்றைக்கு நான் தவறாமல் சொன்னேன் என்று சற்று முன்புவரை எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது, இருந்ததா, இருந்தது, லைவிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று டைட்டஸ் சொன்னபோது உள்ளே எங்கேயோ நிமிர்ந்தேன். அந்த நிமிர்வை இவள் வந்து ஒரே தட்டில் தட்டிவிட்டாள். அவளுக்குப் பெரிய சொல் வேண்டும். அந்தப் பெரிய சொல்லை நான் யாருக்குப் போலி என்று காட்டப் பார்த்தேன். அது நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறவர்களுடையது என்று நினைத்தேன். ஆரணியில் ஒருத்தி அதன் அடியில்தான் குழந்தையோடு ஒதுங்கி நிற்கிறாள், நான் மேலிருந்து கூரையைப் பிரித்துவிட்டேன்.

"நான் சண்டை போடறதுக்குக் கூப்பிடல அண்ணி," என்றாள், இப்போது குரல் தணிந்திருந்தது. டிவியின் சத்தமும் நின்றுவிட்டது, அணைத்துவிட்டாள் போலிருக்கிறது. "மாமா காலையில இருந்து அடிக்கணும் அடிக்கணும்னுட்டு இருந்தார். நீங்க அப்படிச் சொன்னதும் எந்திரிச்சுப் போய் மாட்டுக்கொட்டாய்ல உக்காந்துட்டார். கூப்பிட்டா வர மாட்டேங்கறார். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க அவங்க சொல்றதையும் கேக்கறீங்க, நம்மாளுங்க சொல்றதையும் கேக்கறீங்க. எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. இது நியாயமான சண்டைதானா?"

அதைத்தான் மேனகா நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், வாரக்கணக்காக, தலைக்குள் ஒருத்தர் ஆமாம் என்கிறார், ஒருத்தர் இல்லை என்கிறார், இரண்டு பேருக்கும் நான்தான் குரல் கொடுக்கிறேன். செத்தவர்களுக்குக் கேட்க ஆள் வேண்டும், அது நியாயம். கேட்கப்போகிறவன் திரும்பி வர வேண்டும், அதுவும் நியாயம். அந்த வயலில் ஓடின டிராக்டரை ஓட்டினவனுக்கு மேல் என்ன வந்து விழுந்ததோ, அவன் வீட்டில் இந்நேரம் எந்தச் சொல்லைச் சொல்கிறார்களோ. இதையெல்லாம் போனில் அவளிடம் சொல்ல முடியுமா. சொன்னால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு இன்றைக்குச் சோறு வடிப்பாள், எதைச் சொல்லிப் பிள்ளையைத் தூங்க வைப்பாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் கிளம்பியது.

"நியாயம்தான்மா," என்றேன்.

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்தாள் போல. நிம்மதி என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த மூச்சு முடிந்த இடத்திலேயே அவளுடைய அடுத்த கேள்வி தொடங்கிவிட்டது, மெதுவாக, பிள்ளைக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி. "அப்ப அவர் வரலைன்னாலும் நியாயம்தானே அண்"

"இல்ல," என்றேன். அவள் கேட்டு முடிக்கவில்லை. "இல்ல மேனகா. இல்ல." காரிடாரில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவு சத்தமாகவா சொன்னேன். "அப்ப இல்ல."

எது சரி என்று அவள் கேட்கவில்லை, இப்போதுதானே வேறு மாதிரி சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. எங்கோ ஒரு மாடு கத்தியது, அகல்யா யாரையோ தாத்தா தாத்தா என்று கூப்பிட்டாள். மேனகா போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.